அசையாததை அசைய வைத்தவர்

பிரிஞ்சாங் மலைச்சரிவுகளில் கொழுந்து பறிக்கப்பட்ட தேயிலைச் செடி, சில வாரங்களில் மீண்டும் துளிர்த்து நிற்கும். கொழுந்து வளர்ந்திருப்பதை எல்லாரும் காண்கின்றனர். ஆனால், அது வளர்ந்துகொண்டிருக்கும்போது கண்டவர் எவருமில்லை. செடியின் எதிரில் நாள் முழுவதும் அமர்ந்து உற்றுப் பார்த்தாலும் அது அசைவதாகவே தோன்றாது. வளர்ச்சி அவ்வளவு மெதுவானது. நம் கண்களுக்குப் பிடிபடாதது.

கண்களுக்குப் பிடிபடாத இந்த வளர்ச்சியை, நூறு ஆண்டுகளுக்கு முன்னரே இந்தியாவில் ஒருவர் திரையில் காட்டினார். தொட்டியில் ஊன்றிய பட்டாணி விதை முளைவிட்டது; தண்டு நீண்டது; இலை விரிந்தது; காய் காய்த்தது. ஒரு மாதத்திற்கும் மேல் நடந்த இவ்வளவும் ஏறக்குறைய ஒரே நிமிடத்தில் திரையில் நடந்து முடிந்தது. பார்த்தவர்கள் இது மந்திரமோ என்று வியந்தனர். அதற்குப் பின்னால் இருந்தது மந்திரமன்று, பொறுமை. அந்தப் பொறுமைக்குச் சொந்தக்காரர் துண்டிராஜ் கோவிந்த் பால்கே. இந்தியத் திரைப்படத்தின் தந்தை என்று உலகம் அவரைப் போற்றுகிறது. இந்திய அசைவூட்டக் கலையின் முன்னோடியும் அவரே. வயதிலும் தொழிலிலும் மூத்தவர் என்னும் மதிப்போடு மக்கள் அவரைத் தாதாசாகேப் பால்கே என்று அழைத்தனர்.

இளமையும் கல்வியும்

பால்கே 1870ஆம் ஆண்டு ஏப்ரல் 30ஆம் நாள், இன்றைய மகாராஷ்டிர மாநிலத்தில் நாசிக் நகரை அடுத்துள்ள திரியம்பகேஷ்வர் என்னும் ஊரில் பிறந்தார். சிவத்தலமாக விளங்கும் அவ்வூரில் அவருடைய குடும்பம் சமயச் சடங்குகள் செய்து வாழ்ந்து வந்தது. தந்தையார் கோவிந்த் சதாசிவ் பால்கே சமஸ்கிருதத்தில் ஆழ்ந்த புலமை பெற்றவர். மரபுப்படி பார்த்தால் மகனும் அவ்வழியிலேயே சென்றிருக்க வேண்டும். ஆனால், சிறுவன் துண்டிராஜின் மனம் ஓவியத்திலும் நாடகத்திலும் கண்கட்டு வித்தையிலும் ஊறிக் கிடந்தது.

தந்தைக்கு மும்பையில் சமஸ்கிருதம் கற்பிக்கும் பணி கிடைத்தபோது குடும்பம் அந்நகருக்குக் குடிபெயர்ந்தது. அந்த மாற்றம் பால்கேயின் வாழ்வில் புதிய வாயிலைத் திறந்தது. 1885ஆம் ஆண்டில் அவர் மும்பையின் புகழ்பெற்ற ஜே. ஜே. கலைப்பள்ளியில் சேர்ந்து ஓவியம் பயின்றார். பிறகு, பரோடா நகருக்குச் சென்று அங்குள்ள கலாபவனத்தில் எண்ணெய் வண்ண ஓவியம், நீர்வண்ண ஓவியம், கட்டடக் கலை, உருவம் வார்த்தல், புகைப்படம் எடுத்தல், அச்சுத் தொழில் எனப் பல கலைகளைக் கற்றுத் தேர்ந்தார். ஒன்றைக் கற்று முடித்தவுடன் அதனோடு தொடர்புடைய அடுத்ததைத் தேடிச் செல்வது அவருடைய இயல்பாக இருந்தது.

1892ஆம் ஆண்டு அகமதாபாத்தில் தொழிற்கண்காட்சி ஒன்று நடைபெற்றது. ஒரு நாடக அரங்கம் எப்படி அமைந்திருக்க வேண்டும் என்பதைக் காட்டும் சிறிய மாதிரியுரு ஒன்றைப் பால்கே அக்கண்காட்சிக்காகச் செய்தார். அதற்குத் தங்கப் பதக்கம் கிடைத்தது.

ஜொகூரிலுள்ள லெகோலாந்து கேளிக்கைப் பூங்காவுக்குச் சென்றவர்கள், சின்னஞ்சிறு கட்டிகளால் அமைந்த இரட்டைக் கோபுரத்தைப் பார்த்து வியந்திருப்பர். வானளாவி நிற்கும் கட்டடத்தைச் சிறிய அளவில் அங்கே முழுமையாகக் காண முடிகிறது. மாதிரியுருவின் பயன் அதுதான். பெரிய ஒன்றை உருவாக்கும் முன்னர் அதைச் சிறிதாகச் செய்து பார்த்தால், குறைநிறைகள் கைக்கெட்டும் தூரத்தில் தெரிந்துவிடும். பிறருக்கும் எளிதில் விளங்க வைக்கலாம். முதலில் சிறிதாகச் செய்து காட்டுவது என்னும் இந்த வழியையே பால்கே பின்னாளில் தம் வாழ்வின் மிகப் பெரிய முயற்சிக்கும் கையாண்டார்.

அடுத்தடுத்த இடிகள்

கலையில் கிடைத்த வெற்றி வாழ்க்கையில் உடனே கிடைத்துவிடவில்லை. பால்கே கோத்ரா என்னும் ஊரில் புகைப்படக் கலைஞராகத் தொழில் தொடங்கினார். அவ்வூரைத் தாக்கிய கொள்ளைநோய் அவருடைய மனைவியையும் குழந்தையையும் ஒருசேரப் பறித்துக்கொண்டது. நொந்த மனத்தோடு அவர் பரோடாவுக்குத் திரும்பினார்.

அங்கும் புகைப்படத் தொழில் கைகொடுக்கவில்லை. புகைப்படக் கருவி உடலிலுள்ள ஆற்றலை உறிஞ்சிவிடும். படம் எடுத்துக்கொண்டால் ஆயுள் குறையும் என்ற அச்சம் அக்காலத்து மக்களிடையே பரவியிருந்தது. பிழைப்புக்காகப் பால்கே நாடகக் குழுக்களுக்குத் திரைச்சீலை வரைந்து கொடுத்தார். பரோடாவுக்கு வந்த ஜெர்மானிய வித்தைக்காரர் ஒருவரிடம் கண்கட்டு வித்தைகளின் நுட்பத்தையும் கற்றுக்கொண்டார். அரைகுறை வருமானத்தில் கழிந்த அந்த ஆண்டுகள் வீணாகிவிடவில்லை. திரைச்சீலை ஓவியமும் கண்கட்டு வித்தையும் பின்னாளில் அவருடைய படங்களில் அப்படியே பயன்பட்டன.

1902ஆம் ஆண்டில் அவர் மறுமணம் செய்துகொண்டார். மனைவியின் பெயர் சரஸ்வதிபாய். பால்கேயின் வெற்றிக்குப் பின்னால் இருந்தவர் என்று மட்டும் இந்த அம்மையாரைச் சொல்லிவிட முடியாது. அவ்வெற்றியில் சரிபாதி உழைப்பு அவருடையது என்பதைப் பின்வரும் நிகழ்ச்சிகள் காட்டும்.

இந்தியத் தொல்லியல் துறையில் சில காலம் புகைப்படக்காரராகவும் வரைவாளராகவும் பணியாற்றிய பால்கே, பிறகு அரசுப் பணியைத் துறந்து அச்சகம் தொடங்கினார். புகழ்பெற்ற ஓவியர் இராஜா இரவிவர்மாவின் அச்சகத்திற்காகவும் அவர் வேலை செய்தார். தெய்வங்களின் உருவங்கள் வண்ணப் படங்களாக அச்சாகி எளிய மக்களின் வீட்டுச் சுவர்களை அடைந்த காலம் அது. வண்ண அச்சுத் தொழிலின் நுட்பங்களை அறிவதற்காகப் பால்கே ஜெர்மனிக்கும் சென்று வந்தார். ஆயினும், கூட்டாளிகளோடு ஏற்பட்ட கருத்து வேறுபாட்டால் தாம் வளர்த்த அச்சகத்தை விட்டு வெறுங்கையோடு விலகினார். அப்போது அவருக்கு வயது நாற்பதை எட்டியிருந்தது.

திரையில் கண்ட கனவு

1911ஆம் ஆண்டில் பால்கே மும்பையிலுள்ள ஒரு கொட்டகையில் இயேசுநாதரின் வாழ்க்கையைச் சித்திரிக்கும் மௌனப் படம் ஒன்றைப் பார்த்தார். திரையில் இயேசுநாதர் நடமாட, அவருடைய மனக்கண்ணில் இராமரும் கிருஷ்ணரும் நடமாடினர். தம் மண்ணின் கதைகளையும் இவ்வாறு திரையில் காணும் நாள் வராதா என்ற ஏக்கம் அவரைப் பற்றிக்கொண்டது. அன்றைய இந்தியாவில் திரைப்படக் கருவிகளும் திரையிடப்பட்ட படங்களும் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்தே வந்தன. கதைப் படம் எடுக்கக் கற்றுக்கொடுக்க ஆசிரியர் எவரும் இலர்.

பால்கே தமக்குத் தாமே ஆசிரியரானார். நாள்தோறும் கொட்டகைக்குச் சென்று ஒவ்வொரு படத்தையும் ஆராய்ந்தார். கிடைத்த நூல்களையெல்லாம் கரைத்துக் குடித்தார். அல்லும் பகலும் உறக்கமின்றி உழைத்ததால் அவருடைய கண்பார்வை மங்கிச் சில காலம் முற்றிலும் மறைந்துபோனது. படம் பார்ப்பதையும் படம் எடுப்பதையுமே வாழ்வாகக் கொள்ள எண்ணியவருக்கு இதைவிடப் பெரிய இடி வேறென்ன இருக்க முடியும்? நல்வாய்ப்பாக, கண் மருத்துவர் ஒருவரின் சிகிச்சையால் பார்வை மீண்டது. பார்வை மீண்டதும் விட்ட இடத்திலிருந்தே மீண்டும் தொடங்கினார்.

தம் ஆயுள் காப்பீட்டுப் பத்திரங்களை அடகு வைத்துக் கிடைத்த பணத்தோடு 1912ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் அவர் இலண்டனுக்குக் கப்பலேறினார். அங்கு அவருக்குத் தெரிந்தவர் எவருமில்லை. தாம் தொடர்ந்து வாசித்து வந்த திரைப்பட வார இதழ் ஒன்றின் அலுவலகத்தை நேரில் தேடிச் சென்று அதன் ஆசிரியரைச் சந்தித்தார். இத்தொழிலில் கைப்பொருளை இழந்தவர்களே மிகுதி என்று அவர் எச்சரித்தும் பால்கேயின் உறுதி தளரவில்லை. அந்த ஆசிரியரின் உதவியால் ஆங்கிலேயத் திரைப்பட முன்னோடியான செசில் ஹெப்வொர்த்தின் படப்பிடிப்பு நிலையத்தைப் பார்வையிடும் வாய்ப்புக் கிட்டியது. வில்லியம்சன் நிறுவனத்தின் ஒளிப்பதிவுக் கருவி ஒன்றையும் படச்சுருளின் ஓரங்களில் துளையிடும் பொறி ஒன்றையும் வாங்கிக்கொண்டு ஏப்ரல் மாதத்தில் அவர் தாயகம் திரும்பினார்.

ஒரு விதையின் சான்று

கருவி வந்துவிட்டது, கலையும் கைவந்துவிட்டது. படமெடுக்கப் பணந்தான் இல்லை. இதுவரை எவரும் செய்யாத தொழிலில் பணம் போட எந்தச் செல்வர்தாம் துணிவார்? வாயால் விளக்கிப் பயனில்லை என்று பால்கே உணர்ந்தார். முன்பு நாடக அரங்கத்திற்கு மாதிரியுரு செய்ததுபோல் திரைப்படத்திற்கும் ஒரு மாதிரி செய்து காட்ட முடிவு செய்தார்.

தொட்டியில் பட்டாணி விதைகளை ஊன்றி, அதன் எதிரில் ஒளிப்பதிவுக் கருவியை நிறுத்தினார். ஒரு மாதத்திற்கும் மேலாக அதே இடத்தில், அதே கோணத்தில் செடியை நாள்தோறும் சிறுகச் சிறுகப் படமெடுத்தார். பின்னர், அப்படங்களைத் தொடர்ச்சியாக ஓட்டிக் காட்டினார்.

இதன் அடிப்படை எளிமையானது. அக்காலத்து மௌனப் படங்கள் ஒரு நொடிக்கு ஏறக்குறைய 16 படங்கள் என்ற வேகத்தில் ஓடின. அவ்வாறெனில், ஒரு நிமிடக் காட்சிக்குச் சுமார் 960 படங்கள் தேவை. ஒவ்வொரு படமும் அசையாத படந்தான். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே மிகச் சிறிய வேறுபாடு மட்டுமே இருக்கும். அவை விரைவாக ஒன்றன்பின் ஒன்றாகக் கண்முன் கடக்கும்போது, நம் மூளை அவற்றை இணைத்து ஒரே அசைவாகக் காண்கிறது. நாள் இடைவெளி விட்டு எடுத்த படங்களை நொடிப்பொழுதில் ஓட்டினால் மாதங்கள் நிமிடமாகச் சுருங்கும். பட்டாணிச் செடி கண்ணெதிரே வளர்ந்த விந்தை இதுவே.

மராத்தி மொழியில் அங்குராச்சி வாத், அதாவது முளையின் வளர்ச்சி என்று பெயர் பெற்ற அச்சிறு படத்தை அவர் தெரிந்தெடுத்த சிலருக்குத் திரையிட்டுக் காட்டினார். மணிக்கணக்கான பேச்சு செய்யாததை ஒரு நிமிடப் படம் செய்தது. பார்த்தவர்களுள் சிலர் கடன் கொடுக்க முன்வந்தனர்.

வீடே படப்பிடிப்பு நிலையம்

முதல் முழுநீளப் படத்திற்கு இந்திய மக்கள் அனைவரும் அறிந்த கதையையே பால்கே தேர்ந்தெடுத்தார். வாய்மைக்காக நாட்டையும் மனைவியையும் மகனையும் இழந்த அரிச்சந்திரனின் கதை அது. மும்பையின் தாதர் பகுதியிலிருந்த அவருடைய வீடே படப்பிடிப்பு நிலையமாக மாறியது.

நடிகர்களைத் தேடுவதே பெரும்பாடாயிற்று. திரைப்படத்தில் நடிப்பதை இழிவாகக் கருதிய அக்காலத்தில் பெண்கள் எவரும் நடிக்க முன்வரவில்லை. தமிழில் சந்திரமதி என்று நாம் அறியும் அரிச்சந்திரனின் மனைவி, வடநாட்டில் தாராமதி எனப்படுகிறார். அந்த வேடத்தை ஏற்க ஒரு பெண்ணைத் தேடி அலைந்து சலித்த பால்கே, இறுதியில் உணவகம் ஒன்றில் வேலை செய்த அண்ணா சாலுங்கே என்ற இளைஞரைக் கண்டார். மெல்லிய உடலும் நளினமான கைகளும் கொண்ட அவரே தாராமதியாக நடித்தார். அரிச்சந்திரனாகத் தபகே என்ற நாடக நடிகரும் மகன் லோகிதாசனாகப் பால்கேயின் மூத்த மகன் பாலச்சந்திராவும் நடித்தனர்.

சரஸ்வதிபாயின் உழைப்பை அளவிட்டுச் சொல்ல இயலாது. குழுவினர் அனைவருக்கும் சமைத்துப் போட்டார்; உடைகளைத் துவைத்தார். நடிகர்களின்மேல் வெளிச்சம் சீராக விழுவதற்காக வெயிலில் வெள்ளைத் துணியை விரித்துப் பிடித்து நின்றார். இரவில் மற்றவர்கள் உறங்கிய பின்னர், படச்சுருளின் ஓரங்களில் துளையிட்டார். படத்தைத் துலக்கும் வேதிப்பொருள்களைக் கலந்தார். துளைகள் சிறிது பிசகினாலும் படம் திரையில் துள்ளும் என்பதால் இது கண்ணும் கருத்துமாகச் செய்ய வேண்டிய வேலை. இந்தியாவின் முதல் திரைப்படத் தொழில்நுட்பக் கலைஞர்களுள் ஒருவராக இன்று அவர் மதிக்கப்படுகிறார்.

வெளிப்புறப் படப்பிடிப்பிற்காகக் குழுவினர் மும்பைக்கு வெளியே ஒரு சிற்றூருக்குச் சென்றபோது, வாளும் வேலும் ஏந்தி வந்த நடிகர்களைக் கண்ட ஊர்மக்கள் கொள்ளைக்கூட்டம் என்று அஞ்சினர். காவல் துறைக்கும் செய்தி பறந்தது. பால்கே தம் கருவியை இயக்கி விளக்கிய பின்னரே உண்மை புரிந்தது. அதே படப்பிடிப்பில் மகன் பாலச்சந்திரா பாறையில் விழுந்து தலையில் அடிபட்டு மயங்கினான். மருத்துவத்திற்கு உடனே ஊர் திரும்பும்படி பலரும் கூறினர். ஆனால், லோகிதாசன் மாண்டு கிடக்கும் காட்சி எஞ்சியிருந்தது. மயங்கிக் கிடந்த மகனையே வைத்து அக்காட்சியைப் பால்கே எடுத்து முடித்தார் என்பர். ஒரு தந்தை செய்யத்தக்க செயலா இது என்ற கேள்வி எழாமல் இராது. அப்படம் நின்றுபோனால் குடும்பமே கடனில் மூழ்கிவிடும் என்ற நிலையையும் சேர்த்தே அதை எண்ணிப் பார்க்க வேண்டும். கலையின்மீது கொண்ட பற்று அவரிடமிருந்து எவ்வளவு பெரிய விலையைக் கேட்டது என்பதற்கு இந்நிகழ்ச்சியே சான்று.

ஏறக்குறைய ஏழு மாத உழைப்பில் 3,700 அடி நீளமுள்ள படம் உருவானது. 1913ஆம் ஆண்டு மே மாதம் 3ஆம் நாள் மும்பையின் கொரோனேஷன் திரையரங்கில் ராஜா ஹரிச்சந்திரா பொதுமக்களுக்குத் திரையிடப்பட்டது. இந்தியாவின் முதல் முழுநீளக் கதைப்படம் என்ற பெருமை அதனைச் சேர்ந்தது. வெற்றி உடனே எல்லா ஊர்களிலும் வந்துவிடவில்லை. சூரத்து நகரில் மணிக்கணக்கில் நடக்கும் நாடகங்களுக்குப் பழகிய மக்கள், குறைந்த நேரமே ஓடும் படத்திற்குக் காசு கொடுக்கத் தயங்கினர். பால்கே ஓர் உத்தி செய்தார். படத்தின் நேரத்தைக் கூறாமல், மூன்றே அணாவுக்கு 57,000 படங்களைப் பார்க்கலாம் என்று விளம்பரம் செய்தார். மக்கள் திரண்டு வந்தனர். அவர் கூறியது வெறும் விளம்பரமன்று. திரைப்படம் என்பதே எண்ணற்ற அசையாப் படங்களின் தொகுப்புத்தான் என்ற உண்மை அதில் அடங்கியிருந்தது.

தீக்குச்சிகளின் ஆட்டம்

நாசிக் நகருக்குத் தம் தொழிலை மாற்றிக்கொண்ட பால்கே, அடுத்தடுத்துப் படங்களை எடுத்தார். மோகினி பஸ்மாசுர் என்ற படத்தில் துர்காபாய் காமத்தும் அவருடைய மகள் கமலாபாயும் நடித்தனர். இந்தியத் திரைப்படத்தில் பெண்கள் முதன்முதலாக நடித்த படம் அதுவே. 1914ஆம் ஆண்டில் தம் படங்களை இலண்டனில் திரையிட்டுப் பாராட்டுப் பெற்றார். அங்கேயே தங்கிப் படமெடுக்க அழைப்பு வந்தும், தாயகத்தில் தொடங்கிய தொழில் தாயகத்திலேயே வேரூன்ற வேண்டும் என்று எண்ணித் திரும்பினார்.

அவர் திரும்பிய வேளையில் முதலாம் உலகப் போர் மூண்டது. கடன் கொடுத்தவர்கள் கையை விரித்தனர். படச்சுருள் கிடைப்பதும் அரிதாயிற்று. பெரிய படத்தைத் தொடர முடியாத நிலையில் தொழிலாளர்களுக்குக் கூலி கொடுப்பதே பெருங்கவலையாக இருந்தது. சரஸ்வதிபாய் தம் நகைகளைக் கழற்றிக் கொடுத்தார்.

இந்த நெருக்கடிக் காலத்தில்தான் பால்கே குறும்படங்களின் பக்கம் திரும்பினார். அவற்றுள் ஒன்று 1915ஆம் ஆண்டில் உருவான அக்காட்யாஞ்சி மௌஜ். தீக்குச்சிகளின் வேடிக்கை என்பது அதன் பொருள். அதற்கு நடிகர்கள் வேண்டியதில்லை, உடைகள் வேண்டியதில்லை, அரங்கமும் வேண்டியதில்லை. ஒரு பெட்டித் தீக்குச்சி போதும். தீக்குச்சிகளை அடுக்கி ஒரு படம் எடுத்தல், பின்னர் ஒவ்வொன்றையும் மயிரிழை நகர்த்தி மற்றொரு படம் எடுத்தல் என்ற முறையில் படங்களைச் சேர்த்து ஓட்டினால், உயிரற்ற தீக்குச்சிகள் தாமே எழுந்து நடமாடுவதாகத் தோன்றும். பிரான்சு நாட்டில் எமில் கோல் போன்றோர் சில ஆண்டுகளுக்கு முன்னர் இம்முறையைக் கையாண்டிருந்தனர். இந்தியாவில் இதனை முதன்முதலில் செய்து பார்த்தவர் பால்கே. இந்திய அசைவூட்டக் கலையின் தொடக்கமாக அப்படம் கருதப்படுகிறது.

பட்டாணிச் செடியில் இயற்கை தானே நகர்ந்தது. பால்கே அதைக் காத்திருந்து பதிவு செய்தார். தீக்குச்சியிலோ இயற்கையின் உதவி இல்லை. ஒவ்வோர் அசைவையும் மனிதக் கையே கொடுக்க வேண்டியிருந்தது. இரண்டிற்கும் தேவைப்பட்டது ஒன்றுதான். ஒரு படத்தின் சிறிய மாற்றத்தை அற்பம் என்று ஒதுக்காத மனம்.

உயர்வும் தாழ்வும்

1917ஆம் ஆண்டில் வெளிவந்த லங்கா தகன் பெரும் வெற்றி பெற்றது. அண்ணா சாலுங்கே அப்படத்தில் இராமராகவும் சீதையாகவும் இரட்டை வேடமேற்றார். திரையில் இராமர் தோன்றியபோது மக்கள் காலணியைக் கழற்றி வணங்கினர். 1919ஆம் ஆண்டின் காளிய மர்தன் படத்தில் பால்கேயின் சிறுவயது மகள் மந்தாகினி கிருஷ்ணனாக நடித்தாள். நாகத்தின்மேல் ஏறி ஆடும் காட்சி மக்களைச் சொக்க வைத்தது. கண்கட்டு வித்தை, ஓவியம், உருவம் வார்த்தல் என இளமையில் கற்ற அனைத்தும் இப்படங்களில் ஒன்றுகூடின.

வெற்றியைக் கண்ட செல்வர்கள் கூட்டாகச் சேர்ந்து 1918ஆம் ஆண்டில் இந்துஸ்தான் திரைப்பட நிறுவனத்தை அமைத்தனர். பணத்தையே கணக்கிட்ட கூட்டாளிகளுக்கும் கலையையே கணக்கிட்ட பால்கேக்கும் ஒத்துப்போகவில்லை. அவர் விலகிக் காசிக்குச் சென்றார். சில ஆண்டுகளுக்குப் பின்னர் மீண்டும் திரும்பினார். ஆனால், காலம் அவருக்காகக் காத்திருக்கவில்லை. 1931ஆம் ஆண்டில் திரைப்படம் பேசத் தொடங்கியது. அவருடைய இறுதி மௌனப் படமான சேதுபந்தன், பேசும் படங்களின் ஆரவாரத்தில் மங்கிப்போனது. 1937ஆம் ஆண்டில் தம் 67ஆம் அகவையில் கங்காவதரண் என்ற பேசும் படத்தை இயக்கினார். அதுவே அவர் இயக்கிய ஒரே பேசும் படம்; இறுதிப் படமும் அதுவே.

ஏறக்குறைய 95 முழுநீளப் படங்களையும் 26 குறும்படங்களையும் உருவாக்கிய அம்மனிதர், எளிய நிலையில் நாசிக்கில் தம் இறுதிக் காலத்தைக் கழித்தார். 1944ஆம் ஆண்டு பிப்ரவரி 16ஆம் நாள் அவர் மறைந்தபோது, அவர் ஊன்றிய திரைப்படத் தொழில் பெருமரமாக வளர்ந்திருந்தது. ஆனால், அதன் நிழலில் அமர்ந்திருந்தவர்களுள் விதை ஊன்றியவரை நினைத்தவர்கள் மிகச் சிலரே.

நினைவில் வாழ்பவர்

நாடு அவரைப் பின்னர் நினைவுகூர்ந்தது. 1969ஆம் ஆண்டு முதல் இந்தியத் திரைத்துறையின் மிக உயரிய விருது அவர் பெயராலேயே வழங்கப்படுகிறது. தமிழ்த் திரையுலகின் சிவாஜி கணேசன், கே. பாலச்சந்தர், ரஜினிகாந்த் ஆகியோர் அவ்விருதைப் பெற்றவர்களுள் அடங்குவர். 1971ஆம் ஆண்டில் அவர் உருவம் தாங்கிய அஞ்சல் தலை வெளியிடப்பட்டது. நாசிக்கில் பாண்டவர் குகைகள் உள்ள மலையடிவாரத்தில் அவருக்கு நினைவுப் பூங்கா அமைந்துள்ளது. மும்பையில் 2019ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட இந்தியத் திரைப்படத் தேசிய அருங்காட்சியகம், மௌனப் படக் காலந்தொட்டு இன்றுவரை அக்கலை கடந்து வந்த பாதையைக் காட்டுகிறது. அப்பாதையின் தொடக்கத்தில் பால்கே நிற்கிறார்.

ஆயினும், எந்த அருங்காட்சியகத்திலும் காண முடியாத ஒன்று உண்டு. தீக்குச்சிகளின் வேடிக்கை என்னும் அச்சிறு படம் இன்று எங்கும் இல்லை. அக்காலத்துப் படச்சுருள்கள் எளிதில் தீப்பற்றக்கூடியவை. விரைவில் நைந்து போகக்கூடியவை. போற்றிப் பாதுகாக்க வேண்டும் என்ற எண்ணமும் அன்று பலருக்கு எழவில்லை. அவருடைய எண்ணற்ற படங்களுள் சிலவும், சிலவற்றின் துண்டுகளும் மட்டுமே எஞ்சியுள்ளன. படைப்பதற்கு எவ்வளவு உழைப்பு வேண்டுமோ, காப்பதற்கும் அவ்வளவு அக்கறை வேண்டும் என்பதை இந்த இழப்பு உணர்த்துகிறது.

படச்சுருள் அழிந்தாலும் அவர் காட்டிய வழி அழியவில்லை. பால்கேயின் படங்களைப் பார்த்து ஊக்கம் பெற்ற நடராஜ முதலியார் சென்னையில் கீசகவதம் என்ற படத்தை எடுத்தார். தென்னிந்தியாவின் முதல் மௌனக் கதைப்படம் அதுவே. 1930களில் சிங்கப்பூரில் உருவான முதல் மலாய்த் திரைப்படமான லைலா மஜ்னுனை இயக்கியவரும் இந்தியாவிலிருந்து வந்த பி. எஸ். ராஜ்ஹான்ஸ் என்பவரே. மலேசியாவின் முதல் அசைவூட்டக் குறும்படமான ஹிக்காயாட் சாங் கஞ்சிலை ஆனந்தம் சேவியர் இயக்கினார். அது 1983ஆம் ஆண்டில் தொலைக்காட்சியில் ஒளிபரப்பானது. இன்று உப்பின் இப்பின் தொடரை நம் நாட்டுச் சிறுவர்கள் மட்டுமின்றி அண்டை நாட்டுச் சிறுவர்களும் விரும்பிப் பார்க்கின்றனர். கணினி வந்த பின்னர் கருவிகள் மாறியுள்ளன. ஆனால், ஒரு படத்திற்கும் அடுத்த படத்திற்கும் இடையிலான சிறு மாற்றமே அசைவாகிறது என்ற அடிப்படை மாறவில்லை.

இன்று ஒரு திறன்பேசியும் அதை அசையாமல் நிறுத்த ஒரு தாங்கியும் இருந்தால் பள்ளி மாணவர் ஒருவரும் தம் வீட்டுத் தொட்டியிலுள்ள செடியின் வளர்ச்சியைப் படமாக்கிவிடலாம். தீக்குச்சிக்குப் பதிலாக அழிப்பானையும் பென்சிலையும் நடக்க வைக்கலாம். பால்கேக்கு இல்லாத வசதிகள் இன்று நம்மிடம் இருக்கின்றன. ஒரு மாதம் காத்திருக்கும் பொறுமையை மட்டும் எந்தக் கடையிலும் வாங்க இயலாது. அதை நாமே வளர்த்துக்கொள்ள வேண்டும்.